மூன்றாவது பல்பு

பள்ளி ஆய்வகத்து மேசை. ஓர் அட்டைமேல் இரண்டு பேட்டரி கட்டைகள் ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கின்றன. இரண்டு முனைகளிலும் தோல் சீவிய ஒயர்கள். பக்கத்தில் மூன்று ஹோல்டர், மூன்று டார்ச் பல்பு. முதல் பல்பைத் திருகியதும் பளிச்சென்று எரிகிறது. அதே இரு முனைகளிலிருந்து இன்னொரு ஜோடி ஒயர் இழுத்து இரண்டாவதைக் கோத்தால் அதுவும் எரிகிறது. பக்க இணைப்பில் ஒவ்வொரு பல்புக்கும் முழு மின்னழுத்தமும் கிடைக்கும், அதனால் வெளிச்சம் குறையாது என்று பாடத்தில் படித்தாயிற்று. மூன்றாவதையும் சேர்க்கிறார்கள். முன்வரிசையில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த மாணவி மெல்லச் சொல்கிறாள்: "சார், மூணுமே கொஞ்சம் மங்கிடுச்சு."

அவள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்த எந்தப் பள்ளியிலும் இது நடக்கும். பெரும்பாலும் "பேட்டரி வீக்கா இருக்கு" என்ற ஒரு வரியோடு வகுப்பு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். அந்த வரி தவறில்லை. ஆனால் தொடரிணைப்பு, பக்க இணைப்பு என்ற பாடத்தின் ருசியான பகுதி அந்த மங்கலில்தான் தொடங்குகிறது.

முதலில் அடிப்படை. இரண்டு பல்புகளை ஒரே ஒயரில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோப்பது தொடரிணைப்பு. மின்னோட்டத்துக்கு ஒரே வழி; முதல் பல்பைத் தாண்டித்தான் இரண்டாவதுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு பல்புக்கும் தனித்தனி வழி போட்டுக் கொடுத்தால் அது பக்க இணைப்பு. இலங்கைப் பாடநூல்கள் இதைச் சமாந்தரம் என்று சொல்லும். ரேஷன் கடையை நினைத்துக்கொண்டால் விளங்கும். பில் போட ஒரு வரிசை, அதை முடித்தவர்களே அரிசி வாங்க இன்னொரு வரிசை என்றால் கூட்டம் மெதுவாக நகரும். அது தொடரிணைப்பு. பில்லும் அரிசியும் ஒரே இடத்தில் தரும் இரண்டு கவுண்டர்களைத் திறந்துவிட்டால் ஒரு கவுண்டர் மட்டும் இருப்பதைவிட ஒரு மணி நேரத்தில் இரட்டிப்பு ஆட்கள் வெளியே வருவார்கள். அது பக்க இணைப்பு. பல்புகளைக் கூட்டக் கூட்ட மொத்த மின்தடை குறைகிறது என்று சொன்னால் பல மாணவர்களுக்கு நம்பிக்கை வராது. கவுண்டரைக் கூட்டினால் நெரிசல் குறையும் என்றால் உடனே ஒப்புக்கொள்வார்கள். 8 ஓம் தடையுள்ள இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்தால் 16 ஓம், பக்கமாக இணைத்தால் 4 ஓம்.

இங்கே பிடிவாதமான ஒரு தவறான எண்ணம் உண்டு. தொடரிணைப்பில் முதல் பல்பு மின்னோட்டத்தைக் கொஞ்சம் "சாப்பிட்டுவிடும்", மிச்சம்தான் அடுத்ததுக்குப் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியென்றால் முதல் பல்பு பிரகாசமாகவும் இரண்டாவது மங்கலாகவும் எரிய வேண்டும். ஒரே மாதிரியான இரண்டு பல்புகளை எரித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே அளவு. பல்புகளை இடம் மாற்றினாலும், பேட்டரியைத் திருப்பிப் போட்டாலும் மாற்றமில்லை. அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னால் வைத்தாலும், இரண்டுக்கும் நடுவில் வைத்தாலும், கடைசியில் வைத்தாலும் முள் ஒரே கோட்டில்தான் நிற்கும். பல்பில் செலவாவது ஆற்றல். மின்னோட்டம் எவ்வளவு உள்ளே போனதோ அவ்வளவும் வெளியே வருகிறது.

இது சிறுபிள்ளைகளின் குழப்பம் மட்டுமல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லிலியன் மெக்டர்மட்டும் பீட்டர் ஷாஃபரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேள்வி வருகிறது. ஒரே மாதிரியான ஐந்து பல்புகள், ஒரே மாதிரியான மூன்று பேட்டரிகள். முதல் பேட்டரியில் ஒரு பல்பு தனியாக, அடுத்ததில் இரண்டு தொடராக, மூன்றாவதில் இரண்டு பக்கமாக. பேட்டரிகள் குறையில்லாதவை என்று வைத்துக்கொண்டு, வெளிச்சத்தின்படி பல்புகளை வரிசைப்படுத்த வேண்டும். கணக்கே போடத் தேவையில்லை. பல்கலைக்கழக மாணவர்களில் ஏறத்தாழ 15 சதவீதம் பேர்தான் சரியாகச் சொன்னார்கள். பாடம் நடத்துமுன் கேட்டாலும் நடத்தியபின் கேட்டாலும் அந்த அளவு பெரிதாக மாறவில்லை. தனிப் பல்பும் பக்க இணைப்பில் உள்ள இரண்டும் சமமாக எரியும், தொடரில் உள்ள இரண்டும் தங்களுக்குள் சமமாக, ஆனால் மங்கலாக எரியும் என்பதுதான் விடை. சூத்திரம் மனப்பாடமாக இருந்தவர்களும் இதில் தடுமாறினார்கள். பல்பைக் கையில் எடுத்துப் பழகாமல் இந்தப் பாடம் உள்ளே இறங்குவதில்லை.

பழகினால் அடுத்த வியப்பு வரும். தொடரில் இரண்டு பல்புகள், மின்தடை இரு மடங்கு, ஆகவே மின்னோட்டம் சரிபாதி என்று கணக்கு சொல்கிறது. அம்மீட்டரோ பாதிக்கு மேல் காட்டும். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. மாணவர்கள் மீட்டரைத் தட்டிப் பார்ப்பார்கள். மீட்டர்மேல் குற்றமில்லை. டங்ஸ்டன் இழையின் மின்தடை நிலையானதே அல்ல. 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் என்று பொறித்த டார்ச் பல்பு முழுதாக எரியும்போது அதன் தடை 8 ஓமுக்குச் சற்று மேல். அதைக் கழற்றி, ஆறிய நிலையில் மல்டிமீட்டரில் வைத்தால் ஓர் ஓம் அளவில்தான் காட்டும். சூடேற ஏற டங்ஸ்டனின் தடை பத்து மடங்கு வரை உயர்கிறது. தொடரிணைப்பில் இழை அவ்வளவு சூடாவதில்லை, அதனால் தடையும் இறங்கி நிற்கிறது, அதனால் பாதியைவிடக் கூடுதலாக மின்னோட்டம் ஓடுகிறது.

ஆனால் வெளிச்சம்? பாதி மின்னழுத்தம், மூன்றில் இரண்டு பங்கு மின்னோட்டம் என்றால் பல்பு எடுக்கும் திறன் முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்கு. கண்ணுக்கு வரும் ஒளியோ பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும். வெப்பநிலை கொஞ்சம் இறங்கினாலும் இழை வெளியிடுவதில் இன்னும் கூடுதலான பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகப் போய்விடுகிறது. தொடரில் இணைத்த பல்பு வெள்ளையாக எரியாமல் செம்மஞ்சளாகச் சோர்ந்து எரிவது இதனால்தான். அந்த நிறமாற்றத்தைப் பார்க்கச் சொல்லும் ஆசிரியர், ஒரே சோதனையில் மின்னியலையும் வெப்பக் கதிர்வீச்சையும் சேர்த்துக் கற்பித்துவிடுகிறார்.

பழைய குண்டு பல்பு காலத்தில் எலக்ட்ரீஷியன்கள் பந்தயம் கட்டும் ஒரு கேள்வி இருந்தது: 100 வாட் பல்பையும் 40 வாட் பல்பையும் தொடராக இணைத்து 230 வோல்ட் கொடுத்தால் எது பிரகாசமாக எரியும்? முக்கால்வாசிப் பேர் 100 என்பார்கள். எரிவது 40. வீட்டு மின்னழுத்தத்தில் 100 வாட் பல்பின் தடை 529 ஓம், 40 வாட் பல்பின் தடை 1,322 ஓம். இரண்டிலும் ஒரே மின்னோட்டம் ஓடும்போது தடை அதிகம் உள்ளதுதான் அதிக மின்னழுத்தத்தை எடுத்துக்கொள்கிறது. 100 வாட் பல்பில் இழை வெறுமனே சிவந்து கிடக்கும். பல்பின்மேல் எழுதியிருக்கும் வாட் அந்தப் பல்பின் பிறவிக்குணம் அல்ல, முழு 230 வோல்ட் கிடைத்தால் மட்டுமே அது பொருந்தும். (இதைப் பள்ளி மேசையில் வீட்டு மின்சாரத்தில் செய்து காட்டக் கூடாது. பேட்டரியும், வெவ்வேறு அளவுள்ள இரண்டு டார்ச் பல்புகளும் போதும்.)

இப்போது அந்த மூன்றாவது பல்பு.

பேட்டரி கட்டைக்குள்ளும் ஒரு மின்தடை இருக்கிறது. உள்ளே உள்ள வேதிப்பொருள் வழியாக மின்னோட்டம் சும்மா கடந்து வந்துவிட முடியாது. கட்டை பழசாக ஆக அந்த அகத்தடை ஏறுகிறது. இரண்டு கட்டைக்கும் சேர்த்து ஒரு ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பல்பு 0.3 ஆம்பியர் இழுத்தால் 0.3 வோல்ட் கட்டைக்குள்ளேயே போய்விடும், 3 வோல்ட்டில் 2.7 வெளியே வரும். மூன்று பல்புகள் சேர்ந்து 0.9 ஆம்பியரை நெருங்கினால் உள்ளே போவதும் 0.9 வோல்ட்டை நெருங்கும், வெளியே 2.1-ஐ ஒட்டித்தான் மிஞ்சும். மூன்று பல்புகளும் தங்களுக்குள் பக்க இணைப்பில்தான் இருக்கின்றன. ஆனால் அந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து, கட்டைக்குள் ஒளிந்திருக்கும் தடையோடு தொடரிணைப்பில் இருக்கின்றன. பாடநூல் படத்தில் அந்தத் தடையைப் பெரும்பாலும் வரைவதில்லை. அது இல்லாத சுற்று உலகத்தில் எங்கும் இல்லை.

இதைக் கண்டு தலையைச் சொறிந்துகொண்ட ஒரு பள்ளி ஆசிரியர் கேயார்க் சைமன் ஓம். ஜெர்மனியின் கொலோன் நகரப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பித்துக்கொண்டே, அங்கிருந்த கருவிகளோடு தானே செய்தவற்றையும் வைத்து 1825-இல் ஒயர்களை அளக்கத் தொடங்கினார். அன்றைய பேட்டரியான வோல்டா அடுக்கு, சோதனை நடக்கும்போதே தளர்ந்துகொண்டு வந்தது. அளவுகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. வேறொரு மின்மூலத்தைப் பயன்படுத்திப் பாருங்கள் என்று இயற்பியலாளர் பொகெண்டார்ஃப் யோசனை சொன்னார். ஓம் பிஸ்மத்தையும் செம்பையும் சேர்த்து வெப்ப மின்னிரட்டை செய்தார். ஒரு சந்திப்பைக் கொதிக்கும் நீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். கொதிநீரும் பனிக்கட்டியும் இருக்கும்வரை அந்த மின்னழுத்தம் அசையாது. 1826-இல் அளவுகள் வரிசையாக வந்து நின்றன.

அந்த ஆண்டு அவர் எழுதிய சமன்பாட்டைப் பார்த்தால் சிலிர்க்கிறது. இன்று பள்ளியில் சொல்லும் எளிய வடிவத்தில் அது இல்லை. கீழ்ப்பகுதியில் இரண்டு உறுப்புகளின் கூட்டல்: சோதிக்கும் ஒயரின் நீளம் ஒன்று, சுற்றின் மிச்சப் பகுதிக்கான மாறிலி இன்னொன்று. மின்மூலத்தின் தடை முதல் நாளிலேயே ஓமின் கணக்கில் இருந்தது. பின்னால் வந்த பாடநூல்கள் சுருக்கத்துக்காக அதைக் கழற்றி வைத்தன. மங்கிய பல்பைச் சுட்டிக்காட்டிய மாணவி, கழற்றி வைத்ததைத் திரும்ப எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

ஊரளவுக்குப் போனால் இதே தடை பெரும் பணக் கேள்வியாக மாறும். 1879 ஏப்ரல் 29 அன்று அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரச் சதுக்கத்தில் கண்டுபிடிப்பாளர் சார்ல்ஸ் பிரஷ் 12 வில்விளக்குகளை எரியவைத்தார். எல்லாம் தொடரிணைப்பு. ஒரு விளக்கின் கரிக்குச்சி கெட்டால் அதைச் சுற்றிக்கொண்டு மின்னோட்டம் போகும்படி ஒரு தானியங்கி மாற்றுவழியும் செய்திருந்தார். தெருவுக்கு அது போதும், எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணையலாம். வீட்டுக்கு ஆகாது. அடுப்படி விளக்கை அணைத்தால் கூடத்து விளக்கும் அணையும் ஏற்பாட்டை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

வீட்டுக்குப் பக்க இணைப்புதான் வேண்டும் என்று எடிசனுக்குத் தெரிந்திருந்தது. தடையாக நின்றது செம்பின் விலை. பக்க இணைப்பில் ஒவ்வொரு விளக்கின் மின்னோட்டமும் ஒன்றுகூடித் தெருவில் புதைத்த கம்பிகளில் ஓடும். அந்தக் கம்பிகளின் தடை எல்லா வீடுகளுடனும் தொடரிணைப்பில் நிற்கும். இழப்பைக் குறைக்கக் கம்பியைப் பருமனாக்கினால் செம்பு வாங்கியே கம்பெனி திவாலாகிவிடும். எடிசன் கம்பியை விட்டுவிட்டு விளக்கின் இழையை மாற்றினார். அன்றைய சோதனை விளக்குகளின் தடை மிகக் குறைவு. அவரோ நூறு ஓமுக்கு மேல் தடையுள்ள மெல்லிய கரி இழையைத் தேடினார்; கணக்குகளைப் போட்டுக் கொடுத்தவர் பிரான்சிஸ் அப்டன். அந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். 60 வாட் எடுக்கும் விளக்கின் தடை ஒரு ஓம் என்றால் ஏறத்தாழ 7.7 ஆம்பியர் வேண்டும். அதே 60 வாட்டை 200 ஓம் விளக்கு 0.55 ஆம்பியரிலேயே எடுத்துவிடும். மின்னோட்டம் பதினான்கில் ஒரு பங்கு, அதே கம்பியில் இழப்பு இருநூற்றில் ஒரு பங்கு. 1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கின் பேர்ல் தெரு மின்நிலையம் 110 வோல்ட்டில் ஓடத் தொடங்கியதற்குப் பின்னால் இருப்பது இந்த வகுத்தல்தான். எடிசன் பல்பு என்றதும் எரியாமல் தாக்குப்பிடித்த இழையைப் பற்றியே கதை சொல்கிறோம். அந்த இழையின் தடையைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

அதே சங்கதி இன்றும் ஊர்க்கடைசி வீட்டில் தெரியும். சாயங்காலம் எதிர்த்தோட்டத்து மோட்டாரைப் போட்டால் இங்கே விளக்கு ஒரு கணம் சுருங்கி நிமிரும். மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது எடுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் நீளமான கம்பி அத்தனையையும் சுமக்கும்போது அதிலேயே பல வோல்ட் கழிந்துபோகிறது. வீட்டையும் தோட்டத்தையும் பக்க இணைப்பில்தான் கொடுத்திருக்கிறார்கள். கம்பி இரண்டுக்கும் பொதுவான தொடர். மேசைமேல் மூன்றாவது பல்பு செய்ததைத் தோட்டத்தில் மோட்டார் செய்கிறது.

வீட்டுக்குள்ளும் இரண்டு இணைப்பும் கலந்தே இருக்கின்றன. விளக்கு, ஃபேன், மிக்ஸி எல்லாம் பக்க இணைப்பு. ஆனால் ஒவ்வொன்றின் சுவிட்சும் அதனதனோடு தொடரில், அதுவும் ஃபேஸ் ஒயரில் இருந்தாக வேண்டும். நியூட்ரலில் சுவிட்ச் போட்டிருந்தால் அணைத்த விளக்கின் ஹோல்டரைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும். ப்யூஸ் கட்டையும் எம்.சி.பி.யும் தொடரில் இருப்பதால்தான் அவற்றால் காவல் காக்க முடிகிறது. ஒரே ஜங்ஷன் பாக்ஸில் 1,000 வாட் அயர்ன்பாக்ஸையும் 1,500 வாட் கெட்டிலையும் சொருகினால் ஒவ்வொன்றுக்கும் முழு 230 வோல்ட் கிடைக்கும், நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பாக்ஸுக்கு வரும் ஒற்றை ஒயரில் ஏறத்தாழ 11 ஆம்பியர் ஓடும். 5, 6 ஆம்பியருக்கான மெல்லிய ஒயர் அது என்றால் முதலில் வெதுவெதுப்பு, பிறகு பிளாஸ்டிக் நாற்றம், பிறகு தீ. பக்க இணைப்பில் எதுவும் மங்கி எச்சரிக்காமல் போகலாம், கைவைத்துப் பார்த்தால் சூடுதான் சொல்லும்.

தொடரிணைப்பைத் தமிழ்நாட்டுத் தெரு தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் கட்டும் அலங்கார விளக்குக்கு 'சீரியல் செட்' என்று பெயர். 6 வோல்ட் குட்டிப் பல்புகள் 38-ஐ ஒரே சரமாகக் கோத்தால் ஒவ்வொன்றுக்கும் 6 வோல்ட் வீதம் 230 வோல்ட் பங்கிடப்பட்டுவிடும். டிரான்ஸ்ஃபார்மர் தேவையில்லை, ஒயரும் மெல்லியது போதும். மலிவுக்குக் காரணம் இதுதான். ஒன்று போனால் சரமே இருண்டுவிடும், பந்தல்காரர் ஒவ்வொரு பல்பாகக் கழற்றி மாட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். இதற்கும் ஒரு வழி கண்டார்கள். நல்ல குட்டிப் பல்புகளை உற்றுப் பார்த்தால் இழைக்குக் கீழே இரண்டு கால்களையும் சுற்றி ஒரு பொடிக்கம்பி தெரியும். அதன்மேல் மின்சாரம் கடத்தாத ஆக்சைடு பூச்சு. இழை அறுந்ததும் சரத்தின் முழு மின்னழுத்தமும் அந்த ஒரு பல்பின் கால்களுக்கு நடுவே வந்து நிற்கும். 6 வோல்ட்டைத் தாங்கிய பூச்சு 230-ஐத் தாங்காமல் உடையும், பொடிக்கம்பி வழியாக மின்னோட்டம் தொடரும். செத்த பல்பு தன் உடம்பையே பாலமாக்கி மற்ற 37-ஐயும் எரியவிடுகிறது. அந்த 37-க்கும் இப்போது 6.2 வோல்ட். இன்னும் சில பல்புகள் போனால் மிச்சத்தின் ஆயுளும் வேகமாகக் குறையும்.

இன்றைய எல்.இ.டி. பல்புக்குள்ளும் இதே சரம் இருக்கிறது. ஒரு 9 வாட் பல்பின் மூடியைக் கழற்றினால் அலுமினியத் தட்டில் மஞ்சள் சதுரங்கள் தெரியும். பெரும்பாலும் அவை தொடரில் இருக்கும். எரியாத பல்பில் ஏதாவது ஒரு சதுரத்தின் நடுவே ஊசிமுனை அளவு கரும்புள்ளி இருக்கும். ரிப்பேர் கடைக்காரர் அந்த ஒன்றை மட்டும் ஈயம் வைத்து இணைத்துவிட்டு மறுபடி எரியவைப்பார். (வீட்டில் முயல வேண்டாம், அந்தத் தட்டில் ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் இருக்கும்.)

தொடரிணைப்பு மலிவுக்காக மட்டும் வந்ததில்லை. விமான நிலைய ஓடுபாதையின் ஓர விளக்குகளை இன்றும் தொடரில்தான் அமைக்கிறார்கள். இரண்டு, மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குப் பக்க இணைப்பு கொடுத்தால் கடைசி விளக்குகள் மங்கலாகிவிடும், இறங்கும் விமானிக்குத் தூரம் தப்பாகத் தோன்றும். அதனால் 6.6 ஆம்பியர் என்ற ஒரே நிலையான மின்னோட்டத்தை வளையம் முழுக்கச் செலுத்துகிறார்கள். முதல் விளக்குக்கும் கடைசி விளக்குக்கும் அதே 6.6 ஆம்பியர், அதே வெளிச்சம். ஒவ்வொரு விளக்கும் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இணைக்கப்பட்டிருப்பதால் ஒன்று அணைந்தாலும் வளையம் அறுவதில்லை.

பள்ளிகளுக்கு இப்போது ஒரு புதுச் சிக்கல். டார்ச் பல்பு கடைகளில் அரிதாகிவிட்டது. பல ஆசிரியர்கள் எல்.இ.டி.யை வைத்துச் சமாளிக்கிறார்கள். வெள்ளை எல்.இ.டி. எரிய 3 வோல்ட் அளவுக்கு வேண்டும். இரண்டு கட்டைகளோடு இரண்டு வெள்ளை எல்.இ.டி.யைத் தொடரில் கோத்தால் மங்கலாகக்கூட எரியாது, சுத்தமாக இருட்டு. சிவப்பையும் வெள்ளையையும் நாணய பேட்டரியில் பக்கமாக இணைத்தால் சிவப்பு மட்டும் எரியும். சிவப்பு 2 வோல்ட் அளவிலேயே மின்னோட்டத்தை வாரிக் குடித்து, பேட்டரியின் மின்னழுத்தத்தைத் தன் மட்டத்துக்கு இழுத்துவிடுகிறது. இவை அருமையான சோதனைகள்தான். ஆனால் தொடர், பக்கம் என்பதை முதன்முதலாகப் பார்க்கும் குழந்தைக்கு இழை பல்பே நல்லது. தேடி வாங்கி வைப்பதற்கு அது தகும்.

மேசைக்குத் திரும்பினால், செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. மூன்று பல்புகளையும் கழற்றிவிட்டு, வோல்ட்மீட்டரைப் பேட்டரி கட்டைகளின் இரு முனைக்கும் குறுக்கே வைத்துவிட வேண்டும். பல்பு இல்லாதபோது ஒரு அளவு. முதல் பல்பு, ஒரு அளவு. இரண்டாவது, மூன்றாவது. முள் ஒவ்வொரு படியாக இறங்குவதை அந்த மாணவியே வாய்விட்டுப் படிக்க, பக்கத்தில் இருப்பவன் நோட்டில் எழுதுவான். பிறகு பழைய கட்டைகளை எடுத்துவிட்டுப் புதுசு இரண்டைப் போட்டு அதே நான்கு அளவுகளை மறுபடி எடுத்தால், படிகள் சின்னதாகியிருக்கும்.